கண்ணால் போட்ட பூட்டு

அழகம்மா ஹட்டன் டவுனுக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஒரு மழைக்காலத்தில் வடிகானில் கால் இடறி விழுந்ததில் முழங்கால் விலகி, மலை ஏற முடியாமல் போயிற்று. புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன், போனவன் போனவன்தான். ஒரே மகள் பிரியந்தியைக் கினிகத்தேனையில் கட்டிக் கொடுத்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க வழியில்லாமல், கண்டியில் படுக்கையில் கிடந்த ஒரு சிங்கள டீச்சரம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனாள். அங்கே மூன்று வருஷத்தில், புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் போடவும், தொண்டையில் கட்டும் சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்கவும், முகத்தைப் பார்த்தே வலி எங்கே என்று கண்டுபிடிக்கவும் பழகிக்கொண்டாள். டீச்சரம்மா கண்ணை மூடிய மறுமாதமே ஹட்டனிலிருந்து அவளைத் தேடி ஆள் வந்தது.

ஹட்டன் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த சுந்தரலிங்கம் முதலாளி ஒரு காலத்தில் பெரிய குரல்காரர். அவர் கடையில் நின்று ஒருவரைக் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். நரம்பு நோய் முதலில் அவருடைய வலது கையைப் பிடித்தது. பிறகு கால்கள், பிறகு நாக்கு. அழகம்மா போய்ச் சேர்ந்தபோது அவரிடம் மிச்சமிருந்தவை கண்கள் இரண்டும்தான். கடைக்கு மேல்மாடியில், தெருவைப் பார்த்த அறையில், ஒரு சாய்வு நாற்காலியில் அவரை உட்கார வைத்திருந்தார்கள்.

முதலாளியம்மா சீதாலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து ‘அ, ஆ, இ, ஈ’ என்று சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை இமைக்க வேண்டும். தமிழில் எழுத்துகள் என்ன கொஞ்சமா? ஒரு சொல் முடிவதற்குள் இருவரும் களைத்துப் போவார்கள். போதாததற்கு அம்மாவின் இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்தது. முதலாளி இமைத்தாரா இல்லையா என்பதே அம்மாவுக்குச் சரியாகத் தெரியாது. அழகம்மாவுக்கு எழுத்து தேவைப்படவில்லை. கூரையைப் பார்த்தால் முதுகு அரிக்கிறது. ஜன்னலைப் பார்த்தால் குளிர்கிறது. கண் ஈரமாகித் தரையில் நின்றுவிட்டால், துணி நனைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அவள் மற்றவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்த வருஷக் கடைசியில், கனடாவிலிருந்த மகன் கோகுலராஜ் கண்ணால் எழுதும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பினான். ஒரு பலகை போன்ற திரை. அதன் கீழ் விளிம்பில் கறுப்புக் கட்டை. கட்டைக்குள் மங்கலாக இரண்டு சிவப்புப் புள்ளிகள். அதைப் பொருத்திக் கொடுக்கக் கொழும்பிலிருந்து துஷாந்த் என்ற டெக்னீஷியன் வந்தார். திரையில் ஒரு புள்ளி நகரும்; அதைக் கண்ணால் தொடர்ந்தால் கருவிக்கு அந்தக் கண் பழகிவிடும். அதற்குப் பிறகு எந்த எழுத்தின் மேல் பார்வை ஒரு கணம் நிற்கிறதோ அந்த எழுத்து விழும். எழுதி முடித்து ஓரத்தில் இருக்கும் வாய்ப் படத்தைப் பார்த்தால், கருவி அதைச் சத்தமாகப் படிக்கும்.

முதல் நாள் அரைமணி நேரம் போராடி முதலாளி எழுதியதைக் கருவி படித்தது: “ஜன்னலைத் திறக்கவும்.”

ரேடியோவில் செய்தி வாசிப்பவரின் குரல் அது. பஜார்த் தமிழ் பேசி வளர்ந்த மனுஷனிடமிருந்து அப்படி ஒரு சுத்தமான குரல் வந்ததும் மகள் கேஷிகா சிரித்துக்கொண்டே அழுதாள். சீதாலெட்சுமி எழுந்து சாமியறைக்குப் போய்விட்டார். அன்று சமையலறையில் அழகம்மாவிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: “அது அவரு கொரல் இல்ல. வேற யாரோ அவருக்குள்ள ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு.”

ஆனால் முதலாளிக்குப் பேச்சு திரும்பக் கிடைத்திருந்தது. காலையிலிருந்து பேசினார். பிறகு, சத்தமாகப் படிக்க விடாமல் எழுதவும் ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், தனக்குத்தானே எழுதிக்கொண்டிருப்பார். டவுனிலேயே குடியிருந்த கேஷிகா சாயங்காலங்களில் வந்து அதையெல்லாம் திறந்து தம்பிக்கு வீடியோ காலில் வாசித்துக் காட்டுவாள். அன்பாகத்தான் செய்தாள். ஒருநாள் அவர் இளவயதில் ஒரு பெண்ணுக்காக ரயில்வே ஸ்டேஷனில் காத்து நின்றதைப் பற்றி எழுதியிருந்ததை அவள் உரக்கப் படிக்க, கனடாவில் மருமகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவருடைய கண்கள் தரையில் போய் நின்றன. அழகம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாள், நனைந்திருக்கவில்லை.

மறுநாள் கருவி சொன்னது: “பூட்டு வேண்டும்.”

துஷாந்த் மறுபடி வந்தார். சாதாரணமாக எழுத்தில் போடும் பாஸ்வேர்டு இதற்குச் சரிப்படாது என்றார். கண் ஒவ்வொரு எழுத்தாக நிற்கும்போது பின்னால் நிற்கும் யாரும் பார்த்துவிடலாம். அதனால் வேறு வழி வைத்திருந்தார்கள். திரையில் மூன்று வரிசையாக ஒன்பது வட்டங்கள். அவற்றின் மேல் ஒரு வரிசைப்படி ஐந்து தடவை பார்வையை நிறுத்த வேண்டும். எதைப் பார்த்தாலும் திரையில் ஒன்றும் மினுங்காது; எத்தனை பேர் பின்னால் நின்றாலும் தெரியாது. பதிவு செய்யும்போது இரண்டு முறை ஒரே மாதிரி பார்க்க வேண்டும். பிறகு யாராவது ஐந்து தடவை தவறாகப் பார்த்தால் உள்ளே இருப்பது மொத்தமும் அழிந்துபோகும். கம்பெனிக்காரர்களாலும் மீட்க முடியாது. அவர் இதைச் சொல்லி முடித்ததும் முதலாளி மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

அழகம்மா மட்டும் இருக்க வேண்டியிருந்தது. அவருடைய கழுத்து நிற்காது. திரைக்குக் கீழே ஒரு சின்ன முக்காலியில் அவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அவர் தாடையைத் தாங்கிக்கொண்டாள். துஷாந்த் கதவருகில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொள்ளுங்கள் அக்கா என்றார். மூடிக்கொண்டாள்.

முதல் முறை பதிவாயிற்று. இரண்டாம் முறை ‘பொருந்தவில்லை’ என்றது கருவி. மறுபடி முதலிலிருந்து. மறுபடி பொருந்தவில்லை. வெகுநேரம் இமைக்காமல் இருந்ததால் அவர் கண்கள் சிவந்து நீர் வழிந்தது. சொட்டு மருந்து விட வேண்டியிருந்தது; கண்ணைத் திறக்காமல் எப்படி விடுவது? துடைக்க வேண்டியிருந்தது, பார்க்காமல் எப்படித் துடைப்பது? ஐந்தாவது முறை பொருந்தியபோது, திரையைப் பார்க்காமலேயே அவளுக்கு அந்த வழி தெரிந்துவிட்டிருந்தது. அவளுக்கு எதிரே அரை முழத் தூரத்தில் இருந்த அந்தக் கண்கள் ஒரு மேல் மூலைக்குப் போய், எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்கு இறங்கி, நடுவில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, மறுபடி நடுவுக்கு வந்தன. கடைசியில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றன.

துஷாந்த் போனபின் கருவி கேட்டது: “நீ பார்த்தாயா?”

“இல்லைங்க முதலாளி” என்றாள் அழகம்மா.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு மட்டும் அவளால் அர்த்தம் கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது: “நல்லது.” அவர் நம்பினாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் பூட்டை அவர் மாற்றவும் இல்லை.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. பிரியந்திக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று மருமகன் போன் செய்தபோது, அழகம்மா இரண்டு நாள் லீவு கேட்டாள். சளி மெஷினை எப்படிப் பிடிப்பது என்று முதலாளியம்மாவுக்கு ஒன்றுக்கு மூன்று தடவை காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பிரியந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றைக்கு மறுநாள், நல்ல மழை பெய்துகொண்டிருந்த மத்தியானத்தில், முதலாளி இறந்துபோனார். தூக்கத்திலேயே உயிர் அடங்கியிருக்கும் என்றார் டாக்டர். வந்து பார்த்த அழகம்மா அவருடைய இமைகளைத் தடவி மூடினாள். யாரோ ஏற்கெனவே மூடப் பார்த்திருக்கிறார்கள், சரியாக மூடியிருக்கவில்லை.

கருமாதி முடிந்த அன்று கேஷிகா அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அப்பா என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று தெரிய வேண்டும். தானே உட்கார்ந்து இரண்டு தடவை முயன்று பார்த்தாகிவிட்டது. அழகம்மாதான் எந்நேரமும் கூட இருந்தவள், ஏதாவது தெரியுமா என்றாள். தெரியாதுங்க என்றாள் அழகம்மா. செத்துப்போனவரிடம் ஒன்று சொல்லிவிட்டு உயிரோடிருப்பவரிடம் வேறு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிவந்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், தன் காம்பராவில் ஒண்டியாக இருந்தாள். அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. கடைத்தட்டில் பிஸ்கட் டின்கள் வரிசையாக இருந்தால் அவள் கண்கள் தாமாக மேல் மூலைக்குப் போகும், கீழ் மூலைக்கு இறங்கும், நடுவில் நிற்கும், பக்கத்துக்கு நகரும், திரும்ப நடுவுக்கு வரும். ஜன்னல் கண்ணாடியிலும் அப்படியே. வெறும் சுவரிலும் அப்படியே. கண்ணை மூடிக்கொண்டால் இமைக்கு உள்ளேயும் அது நடந்தது. தான் பார்க்கவில்லை, தன் கண்ணுக்குள்ளிருந்து வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. பக்கத்துக் காம்பரா மீனம்மா சோறு வாங்க வந்த இடத்தில் கொஞ்ச நேரம் அவளையே கவனித்துவிட்டு, “என்னக்கா, செவுத்துல பல்லியா தேடுற?” என்று கேட்டாள். பூசாரி பழனியாண்டியிடம் போய்த் திருநீறு போட்டுக்கொண்டாள். அவர் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வாசலில் கட்டினாள். பழம் காய்ந்து சுருங்கியதுதான் மிச்சம். குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் பேத்தியின் முகத்திலும் அவள் கண்கள் அதே வழியில் போய் வந்தபோது, குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

முதலாளி இறந்து மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, லயத்துக்குக் கீழே ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து சீதாலெட்சுமி இறங்கினார். கையில் குளியல் துவாயில் சுற்றிய ஒரு பொருளைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். பஜார் முதலாளியம்மா ஒருவர் லயத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. வழுக்கும் படியில் அவருக்குக் கால் வைக்கத் தெரியவில்லை. அழகம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஏற்றிவந்தாள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார வைத்துப் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை துஷாந்த் வருகிறாராம். கருவியை எடுத்துப்போய், உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, இதே நோய் வந்த வேறொருவருக்குக் கொடுக்கப் பிள்ளைகள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

“கேஷிகா கேட்டப்ப நீ தெரியாதுன்னு சொன்ன. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனைக்காத, அழகம்மா. மங்கலாத் தெரிஞ்சாலும் ஒன் மொகம் எனக்குத் தெரியும். ஒனக்கு அது தெரியும்.”



அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அழகம்மா லீவில் போனதிலிருந்து அவர் ஒரு பொட்டுக் கண் மூடவில்லை. இரண்டாம் நாள் காலை முழுவதும் அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. தலையணையைச் சரிசெய்யவும். தண்ணீர் வேண்டும். ஜன்னலை மூடவும். ரேடியோக்காரன் ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஏவுவது போல இருந்தது. மத்தியானம் சோறு கொடுத்து, சளி எடுத்துவிட்டு, முதலாளி எழுத ஆரம்பித்ததும், அரைமணி நேரம் தலையைச் சாய்க்கலாம் என்று பக்கத்தில் பாயைப் போட்டார். படுக்குமுன் கருவியின் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்திவிட்டார்.

“அரமணி நேரம்னுதான் நெனச்சேன். எழுந்திரிச்சப்ப நாலு மணி. அவரு கண்ணு தொறந்திருந்துச்சு. என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்துச்சு. தொட்டா, ஜில்லுன்னு இருக்காரு.” மடியிலிருந்த கருவியை அணைத்துக்கொண்டு சொன்னார்: “என்னையக் கூப்பிட்டாரா, கூப்பிடலையா. அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்.”

அழகம்மா கதவைச் சாத்தினாள். தகரப் பெட்டியின் மேல் இரண்டு தலையணையை வைத்துக் கருவியை அதில் சாய்த்து நிறுத்தினாள். சிவப்புப் புள்ளிகள் இரண்டும் எரிந்தன. நகரும் புள்ளியைத் தொடர்ந்து பார்த்தாள். கருவி அவள் கண்ணை ஏற்றுக்கொண்டது. ஒன்பது வட்டங்கள் வந்தன. இன்னும் மூன்று முறை என்று கீழே எழுதியிருந்தது. மூன்று மாதமாக ஓயாமல் தன் கண்ணுக்குள் நடந்த வழியை அவள் திரையில் நடந்தாள்.

பொருந்தவில்லை. இன்னும் இரண்டு முறை.

 நன்றாகத் தெரியும், தவறே இல்லை. முக்காலியில் உட்கார்ந்து தாடையைப் பிடித்திருந்ததை நினைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் எதிரே நீட்டிப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலது பக்கமாகத் தெரிந்தது அவருக்கு இடது. இத்தனை நாளும் அவள் கண்கள் திருப்பித் திருப்பி நடந்தது அந்த வழியின் நிழலைத்தான். வலத்தை இடமாக மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கடைசி வட்டத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள்.

பூட்டு திறந்தது.

மூலையில் சத்தத்தின் படத்துக்குக் குறுக்கே இன்னும் ஒரு கோடு இருந்தது. கருவி வாய் திறக்காது. எழுத்துகள் சின்னதாக இருந்தன. முதலாளியம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, வெறும் புகையாகத் தெரிகிறது என்று தலையை ஆட்டினார். “நீ படி” என்றார்.

முதல் பக்கங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதாக ஒன்றுமில்லாததையெல்லாம் எழுதியிருந்தார். காலையில் கடைக் கதவு தூக்கும் சத்தத்தை வைத்து இன்றைக்கு யார் திறக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பதுளை ரயில் பிந்தி வருகிறது. பித்தளைக் குடங்களை வாசலில் தொங்கவிடாமல் உள்ளே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, காற்றடிக்கும்போது சத்தமே இல்லை. சீதாவுக்கு இந்தக் குரல் பிடிக்கவில்லை, எனக்கும்தான் பிடிக்கவில்லை. அழகம்மா ஒவ்வொன்றாகப் படிக்க, முதலாளியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

பிறகு கடைசிப் பக்கம் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. இரண்டு பன்னிரண்டு. “சீதா.” இரண்டு பதின்மூன்று. “சீதா.” அதன்பின் அதே சொல் வரிவரியாக இறங்கியது. “சத்தம் வரவில்லை.” “சீதா சளி.” “மூச்சு முட்டுகிறது.” “சீதா எழுந்திரு.” “சீதா எழுந்திரு.” கடைசி வரிக்கு இரண்டு நாற்பது என்று நேரம் போட்டிருந்தது. அந்த வரி “அழகம்மா எங்கே” என்றிருந்தது.

மழை விட்டுப்போய், கூரைத் தகரத்தின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மீனம்மா யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது.

“என்ன, நிறுத்திட்ட?” என்றார் முதலாளியம்மா.

“எழுத்து கொஞ்சம் பொடியா இருக்குங்கம்மா.”

“கூப்பிட்டிருக்காரா?”

“ஒரு தடவ கூப்பிட்டிருக்காருங்க.” அழகம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தக் கருவி படிப்பது போலவே ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். தன் பேச்சில் சொன்னால் நம்பமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. “‘சீதா. சத்தம் வரவில்லை. சீதா தூங்குகிறாள். நேற்று முழுவதும் தூங்கவில்லை. தூங்கட்டும்.’ அம்புட்டுதாங்க. மணி ரெண்டு பன்னெண்டு. அதோட அவரும் தூங்கிட்டாரு போலங்க.”

சீதாலெட்சுமி திரையின் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, “இன்னொரு தடவ படி” என்றார். அழகம்மா ஒரு சொல் பிசகாமல் மறுபடி சொன்னாள். அவர் நாற்காலியிலேயே முன்னால் குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. இதைக் கேஷிகாவும் பார்க்க வேண்டும், திங்கட்கிழமைக்கு முன் அந்த வழியைத் தனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வெளியே தண்ணீர்ப் பீலியடிக்குப் போனார்.

அழகம்மாவுக்கு அதிக நேரம் இல்லை. கருவியை மூடி, மறுபடி திறந்தாள். ஒன்பது வட்டங்கள் வந்தன. ஒரு தடவை சரியாகத் திறந்ததால், மறுபடி ஐந்து முறை என்று காட்டியது. நடுவட்டத்தை மட்டும் வெறித்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. இன்னொரு முறை. பொருந்தவில்லை. கண்ணில் நீர் கோத்தது, துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை பார்த்தாள். ஐந்தாவது முறைக்கு முன் கருவி எச்சரித்தது: எல்லாம் அழிந்துவிடும், தொடரவா? பித்தளைக் குடமும், பதுளை ரயிலும், ஸ்டேஷனில் அவர் காத்து நின்ற பெண்ணும், ஐந்து மாதம் அந்த மனுஷன் கண்ணீர் வழிய எழுதியது மொத்தமும் அதற்குள் இருந்தது. ‘ஆம்’ என்பதன் மேல் அவள் பார்வையை நிறுத்தினாள்.

சீதாலெட்சுமி ஈர முகத்தோடு உள்ளே வந்தபோது திரை வெறும் வெள்ளையாக இருந்தது. அது மட்டும் அவருக்கும் தெரிந்தது.

“தவறிப்போச்சுங்கம்மா” என்றாள் அழகம்மா. “மூடிட்டுத் திருப்பித் தொறக்கப் பாத்தேன். கண்ணு தடுமாறிருச்சு.”

அவர் வாசலிலேயே நின்றார். புகை படிந்த அந்தக் கண்களால் அழகம்மாவின் முகத்தை மெதுவாகப் பார்த்தார்.

“ஒனக்குக் கண்ணு தடுமாறிருச்சு” என்றார்.

அவர் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. ஆறிப்போன பிளேன்டியை எடுத்து முழுவதும் குடித்தார். கருவியைத் துவாயில் சுற்றிக்கொண்டார். ஆட்டோ வரை கைபிடித்து இறக்கிவிட்ட அழகம்மாவின் விரல்களைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். பிறகு ஏறிப் போய்விட்டார். கேஷிகாவிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துஷாந்த் திங்கட்கிழமை வந்து கருவியை எடுத்துப் போனார். தலவாக்கலைப் பக்கம் ஒரு ரிட்டையர்டு தபால்காரருக்கு அது போனதாகக் கேள்வி. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அழகம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். முழங்கால் வலி என்று மறுத்துவிட்டாள். முதலாளியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்து பார்வை நன்றாகத் தெரிகிறது என்று கேள்விப்பட்டபோது, ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணுக்குள் நடந்துகொண்டிருந்த அந்த வழி அன்றோடு நின்றுவிட்டது. ஒன்பது பிஸ்கட் டின்களை அவளால் இப்போது ஒன்பது பிஸ்கட் டின்களாகப் பார்க்க முடிகிறது. ஆனால் அழித்ததெல்லாம் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. பூட்டுப் போட்டபின் அவர் எழுதிய வரிகளைப் படித்தவர் உலகத்தில் அவள் ஒருத்திதான். பதுளை ரயிலைப் பற்றி இன்னும் என்னவோ எழுதியிருந்தாரே என்று யோசித்தால் ஞாபகம் வராது. கடைசிப் பக்கம் மட்டும், நேரத்தோடு, ஒரு வரி விடாமல் வரும். சில நாள் அவள் சொன்ன பொய்யும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது போலத் தோன்றும். அதை நம்பிவிடலாமா என்று பார்ப்பாள். நம்ப முடிந்ததில்லை.

இப்போது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருக்கிறாள். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இருபது இருபத்தைந்து பிள்ளைகளையும் பாயில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். கூட வேலை செய்யும் பெண்களும் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண் அயர்வார்கள். அழகம்மா மட்டும் உட்காருவதில்லை. இரண்டு மணி தாண்டியதும் முதல் பாயில் தொடங்கி, வலிக்கும் முழங்காலை மடக்கி ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கும் கிட்டே குனிந்து, காதை வைத்து மூச்சைக் கேட்டுவிட்டு அடுத்ததுக்கு நகர்கிறாள். கடைசிப் பாய் வரை போனதும் திரும்பி முதலிலிருந்து வருகிறாள். மூன்று மணிக்குப் பிள்ளைகள் எழுந்து அழத் தொடங்கும் வரை இது நடக்கும். அவ்வளவு கவனமான ஆயாவைத் தாங்கள் பார்த்ததேயில்லை என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.